கொடாததைக் கொள்ளாமை: கணினி விளையாட்டுச் சாயல்களும் சிராவகர் கடமையும்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது அசௌரியம் ஆகும். அஸ்தேயம் என்றும், தமிழில் கள்ளாமை என்றும் இதனைக் கூறுவர். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் களவை வரையறுக்கும்போது, பொருளின் விலையைப் பற்றியோ, அதனால் வரும் இலாபத்தைப் பற்றியோ பேசவில்லை. கொடுக்கப்பட்டதா, கொடுக்கப்படாததா என்ற ஒன்றையே அளவுகோலாக வைத்தார். ஸமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்று, பிறர் பொருளைத் தான் கொள்ளாமையோடு, அதனை எடுத்து வேறொருவர்க்குக் கொடாமையும் இவ்விரதத்தில் அடங்கும் என்று காட்டினார். இந்த இரண்டாம் பகுதியை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் பொருளை எடுத்து இலவசமாக வழங்குபவன் தன்னைக் கொடையாளி என்றே கருதிக்கொள்கிறான். இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது அந்தப் பகுதியையே.

ராயக்கோட்டையில் எழுந்த ஐயம்

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த நம் குடும்பங்கள் சில ராயக்கோட்டையில் குடியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் இல்லத்தில் கூடி நூல் ஓதுவது வழக்கம். சென்ற கோடை விடுமுறையில், பஞ்ச நமஸ்கார மந்திரத்தையும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருநாமங்களையும் பிழையின்றி ஒப்பித்த சிறுவர் சிறுமியர்க்குப் பரிசளிக்க முடிவாயிற்று. பொறியியல் கல்லூரியில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், ஆளுக்கொரு பென் டிரைவ் வாங்கி, அதில் ஆறு கணினி விளையாட்டுகளைப் பதிந்து கொண்டுவந்தான்.

ஓய்வு பெற்ற ஆசிரியராகிய பெரியவர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவை கடையில் பணத்துக்கு விற்கும் ஆட்டங்களைப் போலவே இருக்கின்றனவே. ஒருவன் விற்பதைப் போலவே செய்து ஊருக்கெல்லாம் கொடுத்தால் அது களவு ஆகாதா? விரதம் சொல்லிக்கொடுத்த கையால் இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

"பெரியப்பா, இவற்றை எழுதியவர்களே எல்லார்க்கும் கொடுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இது சாஸ்திர தானம் போன்றது" என்றான் அவன்.

அன்று பரிசு வழங்கப்படவில்லை. இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. இருவர் சொல்லிலும் குறையும் இருந்தது. அதனைத் தெளிவுபடுத்திக்கொள்ள நமக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அத்தெளிவை மற்றக் குடும்பங்களும் பெறவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஐந்து அதிசாரங்கள்

விரதம் முற்றும் அழியாமல், அதில் மாசு படியச் செய்யும் குற்றங்களை அதிசாரம் என்கிறோம். அசௌரியத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் அதிசாரங்கள் ஐந்து.

முதலாவது ஸ்தேனப் பிரயோகம்: தான் திருடாமல், திருடுபவனைத் தூண்டுதலும் அவனுக்குத் துணை நிற்றலும். இரண்டாவது ததாஹ்ருதாதானம்: திருடி வந்த பொருள் என அறிந்தும் வாங்குதல். மூன்றாவது விருத்தராஜ்யாதிக்கிரமம்: நாட்டின் சட்ட வரம்பை மீறிப் பொருள் ஈட்டுதல். நான்காவது ஹீனாதிக மானோன்மானம்: வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்தல். ஐந்தாவது பிரதிரூபக வியவகாரம்: ஒன்றைப் போன்ற மற்றொன்றை அதுவே எனக் காட்டி விற்றல், அல்லது கலந்து விற்றல். ஸமந்தபத்திரர் இதனை, ஒத்த பொருளை ஒத்த பொருளில் கலத்தல் என்ற கருத்தில் வைத்துக் கூறுகிறார்.

நான்காவதனை விளக்க ராயக்கோட்டைத் தக்காளி மண்டியின் தராசே போதும். ஐந்தாவதனை விளக்க ஓசூர்ப் பக்கத்து வாகனப் பட்டறைகள் உள்ளன. பெரிய நிறுவனத்தின் வண்டிக்குப் பொருந்துமாறு ஒரு சிறிய பட்டறைக்காரர் பிரேக் ஷூ செய்கிறார் என்று கொள்வோம். தம் இரும்பு, தம் உழைப்பு, தம் பெயர் பொறித்த பெட்டி ஆகியவற்றோடு அதனை விற்றால் அது நேர்மையான தொழில். அதே பொருளைப் பெரிய நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டியில் இட்டு விற்றால், அதனைத்தான் நம் மக்கள் 'டூப்ளிகேட்' என்கிறார்கள். பொருள் ஒன்றே, பெட்டி மாறியதும் பிரதிரூபக வியவகாரம் ஆகிவிடுகிறது. வண்டியில் பொருந்துதல் குற்றமன்று. பிறர் பெயரில் புகுதலே குற்றம். இவ்வுவமையை நினைவில் வைத்துக்கொண்டு விளையாட்டுக்கு வருவோம்.

சாயல் விளையாட்டு என்பது யாது?

விலைக்கு விற்கப்படும் ஒரு கணினி விளையாட்டின் ஆடும் முறையைப் பார்த்து, அதைப் போன்ற வேறொன்றைப் புதிதாக எழுதுவதைக் கணினித் துறையார் 'குளோன்' என்பர். நாம் அதனைச் சாயல் விளையாட்டு என்போம். இவற்றுள் பல, மூல நிரலையும் சேர்த்து யாவர்க்கும் வழங்கும் கட்டற்ற மென்பொருள்களாக உள்ளன.

1991-இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 'சிவிலைசேஷன்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995-இல் அதைப் போன்ற ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினர். அதுவே 'ஃப்ரீசிவ்'. ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தார் 1994-இல் வெளியிட்ட குமிழி விளையாட்டின் சாயலில் 2002-இல் 'ஃப்ரோசன் பபிள்' வந்தது. அதன் பென்குவின்களும் பனிக்காட்சிகளும் புதிதாக வரையப்பட்டவை. சிறு வண்டிகளில் பந்தயம் ஓட்டும் புகழ்பெற்ற ஜப்பானிய விளையாட்டைப் போன்றது 'சூப்பர்டக்ஸ்கார்ட்'. அதன் பாத்திரங்கள் கட்டற்ற மென்பொருள் உலகின் சின்னங்களாகிய அதன் சொந்தப் பாத்திரங்கள்.

பெரியவரின் முதற்கேள்வி இங்கேதான் எழுகிறது: இவ்வாறு போலச் செய்வதே குற்றமா?

கருத்துக்கு வேலி இல்லை

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்க்கப்பட்டது. அஃதாவது, நிரல் எழுதுபவர்க்கும் நூல் எழுதுபவர்க்கும் சட்டம் ஒரே இருக்கை தந்தது. 14-ஆம் பிரிவின்படி அதனைப் படியெடுப்பதும், பொதுமக்களுக்கு வழங்குவதும், மாற்றி அமைப்பதும் உரிமையாளர்க்கே உரியன. வெளிநாட்டார் படைப்புகளும், பெர்ன் உடன்படிக்கையின் வழியே, நம் நாட்டில் இப்பாதுகாப்பைப் பெறுகின்றன. ஆதலின் 'அயல்நாட்டான் பொருள்தானே' என்னும் சமாதானம் செல்லாது.

ஆயினும் பாதுகாக்கப்படுவது எது? நூலின் கருத்தா, அதனைச் சொன்ன உருவமா? இதற்கு உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் விடை கூறியது. 'ஹம் ஹிந்துஸ்தானி' என்னும் நாடகத்தை எழுதியவர், 1956-இல் வந்த 'நியூ டெல்லி' என்னும் திரைப்படம் தம் நாடகத்தின் களவு என்று வழக்குத் தொடுத்தார். பஞ்சாபிக் குடும்பமும் தென்னாட்டுக் குடும்பமும் கொள்ளும் மாகாண வேற்றுமையே இரண்டுக்கும் பொருள். வைஜயந்திமாலா நடித்த அப்படத்தை நம் மூத்தோர் சிலர் பார்த்திருக்கலாம். கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை இல்லை. அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய உருவத்துக்கே உண்டு. ஒரே கருவை வேறு வகையில் கையாண்டால் அது மீறல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் மேலும் ஒன்றைத் தருகிறது. ஒரு நிரலின் சட்டபூர்வமான படியை வைத்திருப்பவர், அது இயங்கும் முறையைக் கவனித்தும் ஆய்ந்தும் அதன் அடிப்படைக் கருத்துகளை அறிந்துகொள்வதை 52-ஆம் பிரிவு குற்றமாகக் கொள்ளவில்லை. நம் மரபுக்கு இது புதிதன்று. அறிவு என்பது கண்டும் கேட்டும் வளர்வது. இராமன் கதையையும் கிருஷ்ணன் கதையையும் நம் ஆசாரியர்கள் தம் நெறிக்கேற்பத் தம் சொற்களால் புதிதாகப் பாடினார்களே அன்றி, பிறர் ஏட்டைப் படியெடுத்துத் தம் பெயரை இட்டார்கள் அல்லர். ஆகவே சாயல் என்ற ஒன்றாலேயே ஒன்றைக் களவு எனக் கூறுதல் பொருந்தாது. பெரியவர் இதனை ஏற்றுக்கொண்டார்.

பெயர் பிறருடையது: கொல்கத்தாச் சகோதரர் வழக்கு

இனி, சாயல் எங்கே களவாகத் திரிகிறது என்பதைக் காண்போம். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு.

எழுத்துச் சில்லுகளைக் கட்டங்களில் அடுக்கிச் சொல் அமைக்கும் 'ஸ்கிராபிள்' விளையாட்டு பலரும் அறிந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜயந்த் அகர்வாலா என்னும் சகோதரர்கள் அதனைப் போன்ற ஒன்றைக் கணினியில் அமைத்து, 'ஸ்கிராபுலஸ்' எனப் பெயரிட்டனர். 2007-இல் அது ஃபேஸ்புக் வழியே உலகெங்கும் பரவியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்கிராபிளின் உரிமை ஹாஸ்ப்ரோ நிறுவனத்துடையது. மற்ற நாடுகளில் மாட்டெல் நிறுவனத்துடையது. ஹாஸ்ப்ரோ 2008 ஜூலையில் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. மாட்டெல் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

தில்லி உயர் நீதிமன்றம் 2008 செப்டம்பரில் பிறப்பித்த இடைக்கால ஆணை நமக்குப் பெரும்பாடம். மாட்டெல் நிறுவனம் இரண்டு உரிமைகளைக் கேட்டது. ஒன்று, ஆட்டப் பலகைக்கும் விதிகளுக்கும் பதிப்புரிமை. இதனை நீதிமன்றம் ஏற்கவில்லை. விதிகள் ஆட்டத்தின் கருத்தோடு ஒட்டியவை. அவற்றைத் தனித்துப் பிரித்து ஒருவர்க்கு உரிமையாக்க இயலாது. பலகையோ, தொழில்முறையில் பெருக்கப்படும் வடிவம். வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் 50 தடவைக்கு மேல் இயந்திரத்தால் பெருக்கினால் பதிப்புரிமை நில்லாது என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு.

மற்றொன்று, பெயர். ஸ்கிராபிள் என்பது மாட்டெலின் வணிகச் சின்னம். ஸ்கிராபுலஸ் என்பது கேட்போரை மயக்கும் அளவுக்கு அதனை ஒத்திருக்கிறது என்று கண்ட நீதிமன்றம், அப்பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. சகோதரர்கள் ஆட்டத்தைக் கைவிடவில்லை, பெயரையே கைவிட்டார்கள். 'லெக்சுலஸ்' என்னும் புதுப்பெயரில் அவ்விளையாட்டு தொடர்ந்தது. ஹாஸ்ப்ரோவும் 2008 டிசம்பரில் தன் வழக்கை விலக்கிக்கொண்டது.

பட்டறைக்காரரின் பெட்டியை ஈண்டு நினைக்க. ஆட்டம் என்னும் பிரேக் ஷூ அவர்களுடையது. பெட்டியின் மேலிருந்த பெயரே பிறருடையது. நீதிமன்றம் பெட்டியை மட்டும் மாற்றச் சொன்னது. ஐந்தாம் அதிசாரமும் அதனையே அன்றோ சொல்கிறது?

உருவம் பிறருடையது

பெயரை மாற்றினால் மட்டும் போதுமா எனின், போதாது. டெட்ரிஸ் என்னும் கட்டி அடுக்கும் விளையாட்டின் உரிமையாளர்கள், 'மினோ' என்னும் சாயலைச் செய்த ஒரு நிறுவனத்தின்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். கட்டிகள் மேலிருந்து விழுவதும், ஒரு வரிசை நிரம்பினால் மறைவதும் விதிகள்; விதிகளுக்கு உரிமை இல்லை என்பதை நியூஜெர்சிக் கூட்டாட்சி நீதிமன்றம் 2012-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் கட்டிகளின் வடிவம், நிறம், ஆடுகளத்தின் அளவு ஆகிய தோற்றம் முழுவதையும் அப்படியே எடுத்துக்கொண்டது மீறலே என்று தீர்த்தது. விதி பொது, அதற்கு ஒருவர் போர்த்திய ஆடை தனி.

படமும் இசையும் இவ்வாறே தனியானவை. 'டூம்' என்னும் விளையாட்டை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. அதன் மூல நிரலை 1997-இல் அந்நிறுவனமே வெளியிட்டு, 1999-இல் கட்டற்ற உரிமத்தின் கீழும் வைத்தது. ஆனால் படங்களையும் இசையையும் ஆட்டக் களங்களையும் அவ்வாறு கொடுக்கவில்லை. 'ஃப்ரீடூம்' என்னும் கூட்டத்தார் இதனை மதித்து, கொடுக்கப்பட்ட நிரலுக்குப் பொருந்தும் படங்களையும் இசையையும் தாமே உண்டாக்கினர். ஒருவர் வீட்டுக் கிணற்றில் நீர் எடுக்க இசைந்தால், தோட்டத்து மாங்காயைப் பறிக்கவும் இசைந்தார் ஆகமாட்டார். கொடை எந்த வரம்பு வரையில் வந்ததோ அந்த வரம்பில் நிற்றலே அஸ்தேயம்.

உள்நிரலைப் பற்றிய கேள்வி இதனினும் நுண்ணியது. கிறிஸ் சாயர் படைத்த 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' என்னும் விளையாட்டு 1995-இல் வந்தது. சுவீடனைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர், அதன் இயந்திர மொழியைப் பிரித்துப் படித்து வேறு நிரல்மொழியில் எழுதி, 2004-இல் 'ஓப்பன்டிடிடி' என வெளியிட்டார். தொடக்கத்தில் அதனை ஆட மூல விளையாட்டின் படக்கோப்புகள் தேவைப்பட்டன. பின்னர்த் தன்னார்வலர்கள் புதிய படங்களை வரைந்தளித்தனர். 2010-இல் வந்த 1.0 பதிப்பு முதல் மூலக் கோப்புகள் இன்றியே ஆட முடிந்தது. படங்கள் தூய்மையாயின. நிரலோ, வெளியிலிருந்து ஆட்டத்தைக் கண்டு புதிதாக எழுதப்பட்டதன்று; உள்ளிருப்பதைப் பிரித்துப் பெயர்த்து எழுதியதில் தொடங்கியது. ஒரு நூலை மொழிபெயர்ப்பதற்கு மூல ஆசிரியரின் இசைவு வேண்டும் அன்றோ? இதே முறையில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' விளையாட்டின் நிரலைப் பெயர்த்து வெளியிட்டவர்கள்மீது 2021-இல் டேக்-டூ நிறுவனம் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. பிரித்தறிதல் வேறு, பிரித்ததைப் பெயர்த்து ஊருக்கு வழங்குதல் வேறு. இங்கே ஐயம் நிற்கிறது.

கொடைக்கும் நிபந்தனை உண்டு

இனிப் பிள்ளையின் சொல்லை ஆராய்வோம். 'எழுதியவர்களே கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்' என்றான். உண்மை. ஆனால் எப்படிக் கொடுக்கச் சொன்னார்கள் என்பதை அவன் படித்துப் பார்க்கவில்லை.

இவ்விளையாட்டுகளுள் பெரும்பாலானவை குனூ பொது உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் இதன் முதற்பதிப்பை வெளியிட்டார். பெரிதும் வழங்கும் இரண்டாம் பதிப்பு 1991-இல் வந்தது. ஆடலாம், ஆராயலாம், மாற்றலாம், பிறர்க்குக் கொடுக்கலாம், விலைக்கு விற்கவும் செய்யலாம் என்று அது கூறுகிறது. விற்கலாம் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருந்தது. ஆனால் கடமைகளும் உண்டு. எழுதியவர்களின் உரிமைக் குறிப்பை நீக்கக்கூடாது. உரிமத்தின் படியை உடன் வைக்கவேண்டும். மூல நிரலையும் உடன் தரவேண்டும். அல்லது கேட்பவர்க்குத் தருவதாக எழுத்தில் உறுதி கூறவேண்டும். மாற்றியிருந்தால் மாற்றியதைக் குறிக்கவேண்டும். பெற்றவர்க்கும் இதே உரிமைகளைத் தரவேண்டும். நம்மோடு கொடை நின்றுவிடக் கூடாது.

இவை பதிப்புரிமைக்குப் புறம்பானவை என்று எண்ணுவோர் உண்டு. அன்று, பதிப்புரிமையே இந்நிபந்தனைகளுக்கு அடித்தளம். உரிமையாளர் இந்த வகையில் கொடுத்தார். வேறு வகையில் எடுத்தால் கொடாததை எடுத்தோம் என்பதே பொருள்.

தன் பென் டிரைவ்களைப் பிள்ளை மீண்டும் திறந்து பார்த்தான். இடம் மிச்சப்படுத்துவதற்காக உரிமக் கோப்புகளை அவனே அழித்திருந்தான். மூல நிரல் எதிலும் இல்லை. சாஸ்திர தானம் என்றவன் தலைகுனிந்தான். பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. கன்னட நாட்டு அத்திமப்பையின் வரலாற்றை எடுத்துக் கூறினார். பத்தாம் நூற்றாண்டில், பொன்ன மகாகவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கிய பெருமாட்டி அவர்; தானசிந்தாமணி எனப் போற்றப்பட்டவர். "அந்த ஆயிரம் படிகளும் பொன்னரின் நூலாகவே சென்றன. கவியின் பெயரை அழித்து ஏட்டில் இடம் மிச்சப்படுத்தியிருந்தால் அத்திமப்பையை நாம் போற்றுவோமா?" என்று கேட்டார்.

இலவசமும் தானமும் ஒன்றல்ல

கடைவீதிகளில் வேறொரு வழக்கம் உண்டு. பூட்டு உடைத்த வணிக விளையாட்டுகளை வன்தட்டில் நிரப்பிக் கொடுப்பார்கள். நண்பர்கள் தமக்குள் காசில்லாமலே பரிமாறிக்கொள்வார்கள். 'நாம் விற்கவில்லையே' என்பது அவர்கள் கூறும் காரணம்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, உரிமையை அறிந்து மீறுபவரை மட்டுமன்றி அதற்குத் துணைபோகிறவரையும் தண்டிக்கிறது. முதல் அதிசாரமாகிய ஸ்தேனப் பிரயோகத்தைச் சட்டமொழியில் படிப்பது போல் உள்ளது. 1994-இல் சேர்க்கப்பட்ட 63ஆ பிரிவு, மீறல் படி என்று அறிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவதையும் குற்றம் ஆக்கியது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இது இரண்டாம் அதிசாரம். இலாபத்துக்காகச் செய்யப்படாதபோது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. குற்றமே இல்லை என்று சொல்ல இடம் இல்லை. சட்டத்தை மீறுதல் மூன்றாம் அதிசாரம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்னும் நான்கிலும் கொடுப்பவன் தன்னுடையதையே கொடுக்கிறான், அல்லது தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தவர் விருப்பப்படி கொடுக்கிறான். உடைமை இல்லாதவன் கொடுப்பது தானம் ஆகாது. காசு வாங்காமையால் களவு தானமாக மாறுவதில்லை. காசு வாங்குவதால் தானப்பொருள் களவாக மாறுவதும் இல்லை. அளவுகோல் ஒன்றே: உரியவர் கொடுத்தாரா?

மாக்கோழியை மறவாமை

ஒரு கிளைக் கேள்வியும் எழுந்தது. ஃப்ரீடூம் உரிமை வகையில் குற்றமற்றது. ஆனால் ஆட்டமோ முழுதும் சுடுதலும் கொல்லுதலும். 'திரையில் சாவது உயிரன்றே' என்றார் ஒருவர். யசோதர காவியம் கற்ற நமக்கு இதற்கு விடை தெரியும். யசோதரனும் அவன் தாயும் பலியிட்டது உயிருள்ள கோழியன்று. மாவினால் செய்த கோழி. ஆயினும் கொல்லும் எண்ணம் அவர்களைப் பிறவிதோறும் துரத்தியது. விளையாடும் சிறுவனையும் சங்கற்பித்துப் பலியிட்டவனையும் ஒன்றெனக் கூறுகிறோம் அல்லோம். பரிசாகக் கொடுக்கும் பொருளைத் தேர்பவர் நாம் ஆதலின், அந்தத் தேர்வின் பொறுப்பும் நம்முடையது. அவ்வளவே.

முடிவில் செய்தது

ஆறு விளையாட்டுகளும் ஒவ்வொன்றாக எடை போடப்பட்டன. ஃப்ரீடூம் கொலை மிகுந்தது என்பதாலும், ஃப்ரீசிவ் போரும் படையெடுப்பும் கொண்டது என்பதாலும் சிறுவர் பரிசினின்று விலக்கப்பட்டன. உரிமைக் குற்றம் எதுவும் அவற்றில் இல்லை. கட்டி அடுக்கும் விளையாட்டு ஒன்று டெட்ரிஸ் என்ற பெயரையும் தோற்றத்தையும் அப்படியே கொண்டிருந்தது. அது களவின் பாற்பட்டது என்று அழிக்கப்பட்டது. ஓப்பன்டிடிடியைப் பற்றி நெடுநேரம் பேசினோம். உலகெங்கும் பல்லாயிரவர் நல்லெண்ணத்தோடு உழைத்து வளர்த்தது அது. அவர்களைக் குறை கூற நாம் யார்? எனினும் ஐயம் உள்ள இடத்தில் கொள்ளாமையே விரதிக்கு அழகு என்று அதனையும் வைத்துவிட்டோம். சட்டம் விலக்காததை எல்லாம் செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. விரதத்தின் வேலி சட்டத்தின் வேலிக்குச் சற்று உள்ளேயே நிற்கும்.

ஃப்ரோசன் பபிளும் சூப்பர்டக்ஸ்கார்ட்டும் எஞ்சின. அவற்றோடு, 2000-இல் தொடங்கப்பட்ட 'ஜிகாம்ப்ரிஸ்' என்னும் கல்வி விளையாட்டுத் தொகுப்பையும் பிள்ளை சேர்த்தான். மூன்றுக்கும் உரிமக் கோப்பும் மூல நிரலும் உடன் வைத்தான். எழுதியவர்கள் யார், எவ்வுரிமத்தில் கொடுத்தார்கள், பெற்றவர் எவ்வாறு பிறர்க்குக் கொடுக்கலாம் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பரிசோடு இணைத்தான். நான்காம் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசிரியரின் கையாலேயே பரிசுகள் வழங்கப்பட்டன.

இன்னொரு நற்செயலும் இதிலிருந்து முளைத்தது. பரமபத சோபானம் நம் வீடுகளில் ஆடப்பட்டதே. வடநாட்டு ஜைனரிடையே 'ஞான சௌபர்' என்னும் பெயரில், 84 கட்டங்கள் கொண்ட பலகைகளும் வழங்கின. வினையின் ஏற்ற இறக்கத்தை ஏணியும் பாம்பும் காட்டும். அக்கருத்து கடல் கடந்து இங்கிலாந்தில் வணிகப் பொருளாயிற்று. 1943-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் அதனைச் சறுக்குமரமாக மாற்றித் தனிப்பெயரில் விற்றது. அந்தப் பெயர் அவர்களுடையது. ஏணியும் பாம்பும் எல்லாருடையவை. நம் பிள்ளை இப்போது குணஸ்தானங்கள் பதினான்கையும் படிகளாக வைத்து ஒரு பரமபதத்தைத் தானே எழுதி வருகிறான். படங்களை அவன் தங்கை வரைகிறாள். முடிந்ததும் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவதாகக் கூறுகிறான். அன்றுதான் அவன் கொடுப்பது முழுதும் அவனுடையதாக இருக்கும்.

இல்லந்தோறும் கேட்கவேண்டிய நான்கு

ஒரு விளையாட்டையோ மென்பொருளையோ பிறர்க்குக் கொடுக்குமுன் இந்நான்கையும் கேட்டுக்கொள்க.

1. நிரலை எழுதியவர் யார்? அவர் கொடுத்தாரா?
2. படமும் இசையும் யாருடையவை? அவையும் கொடுக்கப்பட்டனவா?
3. பெயர் யாருடையது? கேட்பவர் வேறொன்றென மயங்குவாரா?
4. கொடுத்தவர் விதித்த நிபந்தனை யாது? அதனை நிறைவேற்றினோமா?

நான்கிற்கும் தூய விடை கிடைத்தால் தயங்காமல் கொடுக்கலாம். ஒன்றில் ஐயம் எழுந்தாலும் நிறுத்திக் கேட்க.

சிந்தனை வினாக்கள்

1. விலை வாங்காமல் கொடுப்பதும் அதிசாரம் ஆகக்கூடுமா? எவ்வாறு?
2. ஸ்கிராபுலஸ் வழக்கில் நீதிமன்றம் தடுத்தது எது, தடுக்காதது எது?
3. கட்டற்ற உரிமத்துடன் கூடிய விளையாட்டை ஒரு கடைக்காரர் 100 ரூபாய்க்கு விற்கிறார். உரிமத்தையும் மூல நிரலையும் உடன் தருகிறார். இது களவா? காரணம் கூறுக.
4. உங்கள் வீட்டுக் கணினியிலும் கைப்பேசியிலும் உள்ளவற்றுள் கொடுக்கப்படாதவை எவை? குடும்பத்தாருடன் அமர்ந்து பட்டியலிடுக.

கடைசி வினாவுக்கு நம் குழுவிலும் எவர் வீட்டுப் பட்டியலும் வெறுமையாக இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அவற்றை நீக்கத் தொடங்கியுள்ளோம். அடுத்த பர்வ நாளுக்குள் முடிப்பதாக ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொண்டுள்ளது.